சிஆர்பி 74 என்று வந்திருக்கிறது: வைரஸா, பாக்டீரியாவா?

மழலைத்தாய் | முதல் நாள், இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். மூன்று நாளாகக் காய்ச்சல், 39.4 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. மூக்கு ஒழுகுகிறது, தொண்டை சிவந்திருக்கிறது, இரண்டு கண்ணும் சிவந்து காலையில் பீளை கட்டி ஒட்டிக்கொள்கிறது. மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதும் எழுந்து விளையாடுகிறாள். சிறுநீர் போகிறது, தண்ணீர் குடிக்கிறாள், சாப்பாடுதான் இறங்கவில்லை.

இன்று மாலை ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் 14,200, அவற்றில் நியூட்ரோபில் என்ற வகை 61 சதவீதம், லிம்போசைட் என்ற வகை 31, பிளேட்லெட் சரியாக இருக்கிறது, உடலில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி என்ற புரதம் 74. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர், "74 என்றால் பாக்டீரியாதான்" என்று சொல்லி ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார். அவர் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்த்தார். நாங்கள் வழக்கமாகக் காட்டும் மருத்துவர் வெளியூரில் இருக்கிறார். போனில் கேட்டபோது, "கண்ணும் தொண்டையும் நீங்கள் சொல்வதைக் கேட்டால் வைரஸ் மாதிரி இருக்கிறது, நாளை காலை நான் நேரில் பார்க்கிறேன்" என்கிறார்.

பாட்டில் மேசை மேல் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு கேட்டு இங்கே வரவில்லை. இந்த ஓர் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று புரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.


இருபிள்ளைஅப்பா | இரவு 11.04

யோசிக்காதீர்கள், கொடுத்துவிடுங்கள். வைரஸாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, பாக்டீரியாவாக இருந்தால் உயிர் பிழைக்கும். பிள்ளை விஷயத்தில் பந்தயம் கட்டக்கூடாது.


லேப்காரர் | இரவு 11.20

அக்கா, முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். 74 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அலகு என்ன போட்டிருக்கிறது? மில்லிகிராம்/லிட்டரா, மில்லிகிராம்/டெசிலிட்டரா? அப்புறம், காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது மணி நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள்?

அலகை ஏன் கேட்கிறேன் என்றால், ஒரே ரத்தத்துக்கு ஒரு லேப் 74 என்றும் இன்னொரு லேப் 7.4 என்றும் எழுதும். இரண்டும் ஒன்றுதான், டெசிலிட்டர் கணக்கில் எழுதினால் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு முறை நான் போனில் "8.2" என்று படித்தேன். மறுமுனையில் இருந்தவர் லிட்டர் கணக்குக்குப் பழகியவர், 8 என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அது 82. அரை மணி நேரம் கழித்து அச்சடித்த தாளைப் பார்த்து அவரே திரும்ப அழைத்தார். அன்றிலிருந்து எண்ணைச் சொல்லும் மூச்சிலேயே அலகையும் சேர்த்துச் சொல்கிறேன்.


மழலைத்தாய் | இரவு 11.31

மில்லிகிராம்/லிட்டர்தான் போட்டிருக்கிறது, எல்லை 5-க்குக் கீழ் என்று. காய்ச்சல் செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது, ரத்தம் இன்று வெள்ளி மாலை ஐந்து மணிக்கு எடுத்தார்கள். கிட்டத்தட்ட 68 மணி நேரம்.


குழந்தைநலமருத்துவர் | இரவு 11.58

அம்மா, பிள்ளையைப் பார்க்காமல் மருந்து கொடுங்கள் என்றோ கொடுக்காதீர்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். அது நாளைக் காலை நேரில் பார்க்கப்போகிறவரின் வேலை. நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சிஆர்பி என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930-ல் ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் கிருமியின் சி என்ற சர்க்கரைப் பொருளோடு ஒட்டிக்கொண்டதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர் வந்தது. பெயரில் பாக்டீரியாவின் வாசனை இருப்பதால் அது பாக்டீரியாவுக்கான டெஸ்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உடலில் எங்காவது திசு அழற்சி ஏற்பட்டால் இன்டர்லூகின்-6 என்ற செய்தி கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் சிஆர்பியை ஊற்றுகிறது. அழற்சியைக் கிளப்பியது யார் என்று கல்லீரலுக்குத் தெரியாது. நெருப்பில்லாமல் புகையாது என்பது சரிதான், ஆனால் புகையை வைத்து எரிவது விறகா துணியா என்று சொல்ல முடியாதே.

சராசரியாகப் பார்த்தால் பாக்டீரியா தொற்றில் இது அதிகம் ஏறும், வைரஸில் குறைவாக ஏறும். அதனால்தான் இதற்கு மதிப்பு. கடுமையான பாக்டீரியா தொற்றைத் தேடும்போது 20-க்குக் கீழ் என்றால் வாய்ப்பு குறைவு, 80-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம் என்று குழந்தைகளுக்கு ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறோம். நடுவில் இருப்பது சாம்பல் நிலம். உங்கள் மகளின் 74 அந்தச் சாம்பல் நிலத்தில், மேல் ஓரத்தில் நிற்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வைரஸும் அடக்கமானவை அல்ல. அடினோவைரஸ் என்று ஒன்று உண்டு. நாலைந்து நாள் அனல் பறக்கும் காய்ச்சல், சிவந்த தொண்டை, டான்சிலில் வெள்ளைப் படலம், கண் சிவந்து பீளை. அது வந்த பிள்ளைகளுக்கு சிஆர்பி 50, 80, சில சமயம் 100-ஐத் தாண்டியும் போகும், வெள்ளை அணுவும் நியூட்ரோபிலும் கூடவே ஏறும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் பாக்டீரியா என்றுதான் யாரும் சொல்வார்கள். இன்ஃப்ளூயன்சா என்ற ஃப்ளூ காய்ச்சலிலும் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும். உங்கள் மகளுக்கு இருப்பது அடினோ என்று நான் சொல்லவில்லை. 74 என்ற எண் அதோடு முரண்படவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

வெள்ளை அணு பிரிவு பற்றியும் ஒரு வார்த்தை. நான்கைந்து வயது வரை பிள்ளைகளின் ரத்தத்தில் இயல்பாகவே லிம்போசைட்தான் அதிகம். பெரியவர்களுக்கான எல்லையை அச்சடித்த தாளில் இரண்டு வயதுப் பிள்ளையின் லிம்போசைட் 60 சதவீதம் "உயர்வு" என்று தடித்த எழுத்தில் வரும், பெற்றோர் "வைரஸ் என்று போட்டிருக்கிறது" என்று கொண்டுவருவார்கள். அது வயதுக்குரிய இயல்பு. நியூட்ரோபில் ஏறுவதற்கும் பாக்டீரியா வேண்டும் என்பதில்லை. ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் ஏறும், வலிப்பு வந்தால் ஏறும், ஊசிக்குப் பயந்து பத்து நிமிடம் கதறி அழுதாலே கொஞ்சம் ஏறும்.

நாளை அவர் காது, தொண்டை, நெஞ்சு, வயிறு, தோல் எல்லாம் பார்ப்பார். நீங்கள் ஒன்று கேளுங்கள்: "சிறுநீர் பரிசோதனை செய்யலாமா?" இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல், சிஆர்பி 74 என்றால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன்.

இரவில் பிள்ளை துவண்டு எழுப்ப முடியாமல் கிடந்தால், மூச்சு வாங்கினால், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோலில் வந்தால் காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். அப்போது எந்த எண்ணும் முக்கியமில்லை.


இருபிள்ளைஅப்பா | இரண்டாம் நாள், காலை 6.40

டாக்டர், மரியாதையோடு கேட்கிறேன். சாம்பல் நிலம் என்கிறீர்கள். அப்படியானால் பாதுகாப்பான பக்கத்தில் நிற்பதுதானே நல்லது? நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் இளையவனுக்கு அப்போது ஒன்பது மாதம். மதியம் காய்ச்சல் தொடங்கியது, ஐந்து மணி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினோம். விரலில் குத்தி சிஆர்பி பார்த்தார்கள், 6. "வைரஸ்தான், பயப்படாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நிம்மதியாக வந்து படுத்தோம். மறுநாள் முழுவதும் காய்ச்சல், வாந்தி. அந்த 6-ஐ நினைத்துக்கொண்டு நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை, உதடு வெளுத்திருந்தது. வேறு மருத்துவமனையில் சேர்த்தோம். சிஆர்பி 160-க்கு மேல். சிறுநீரகத் தொற்று. ஒரு வாரம் ஊசி போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் அந்த 6 என்ற எண்ணை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.


குழந்தைநலமருத்துவர் | காலை 7.30

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. இதையும் இதே கேள்வியின் இன்னொரு பாதியாகத்தான் பார்க்கிறேன். மேலே உள்ள அம்மாவை ஒரு பெரிய எண் மிரட்டியது, உங்களை ஒரு சிறிய எண் ஏமாற்றியது.

உங்கள் மகனுக்கு நடந்ததற்குக் காரணம் கடிகாரம். தொற்று தொடங்கியதும் கல்லீரல் உடனே வேலையை ஆரம்பித்துவிடாது. ரத்தத்தில் சிஆர்பி ஏறத் தொடங்கவே ஆறு மணி நேரம் போல ஆகும், கண்ணில் படும் அளவுக்கு வர பன்னிரண்டு மணி நேரம், உச்சத்தைத் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள். ஐந்தாவது மணி நேரத்தில் எடுத்த ரத்தம் தொற்றுக்கு முந்தைய உடலின் கதையைத்தான் சொன்னது. 6 என்பது தப்பான எண் அல்ல, சீக்கிரம் கேட்கப்பட்ட கேள்விக்கான பதில். அந்த எண்ணைச் சொல்லி "வைரஸ்தான்" என்று முடித்ததுதான் தப்பு. "இது சீக்கிரம் எடுத்தது, காய்ச்சல் தொடர்ந்தால் நாளை வாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நீங்கள் மறுநாளே போயிருப்பீர்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்ஜோகாக்கஸ் போன்ற கிருமிகள் மணிக்கணக்கில் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். அங்கே முதல் சில மணி நேரத்தில் சிஆர்பி சாதாரணமாகவே இருக்கலாம்.

இரண்டாவது காரணம், சிறுநீர் பார்க்கவில்லை. சளி இல்லை, இருமல் இல்லை, காது நன்றாக இருக்கிறது, ஆனால் காய்ச்சல் அடிக்கிறது என்றால் அந்த வயதில் சிறுநீர்ப் பாதைத் தொற்றுதான் கடுமையான பாக்டீரியா தொற்றுகளில் முதலிடம். அதைக் கண்டுபிடிக்க ரத்தக் குறியீடு வேண்டாம், சுத்தமாகப் பிடித்த கொஞ்சம் சிறுநீர் போதும். ரத்தத்தில் நுணுக்கமான டெஸ்ட் எல்லாம் செய்துவிட்டு சிறுநீரை விட்டுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை.

"பாதுகாப்பான பக்கம்" பற்றிக் கேட்டீர்கள். ஆன்டிபயாடிக் நஷ்டமில்லாத மருந்து அல்ல. வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு, அப்புறம் "இந்தப் பிள்ளைக்கு இந்த மருந்து ஒவ்வாது" என்று அட்டையில் வாழ்நாள் முழுக்க ஒரு முத்திரை, அதில் பெரும்பாலானவை உண்மையான ஒவ்வாமையே இல்லை. குடலில் எதிர்ப்பு பெற்ற கிருமிகள் வளரும். இன்னொன்றும் இருக்கிறது: அரைகுறையாகக் கொடுத்த மருந்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவை மறைத்துவிடும். உங்கள் மகனுக்கு முதல் நாளே சிறுநீர் எடுக்காமல் ஏதோ ஒரு சிரப் கொடுத்திருந்தால், மூன்றாம் நாள் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போய், எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியாமல் தவித்திருப்பார்கள்.


இருபிள்ளைஅப்பா | காலை 7.52

இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால்... சரி. புரிகிறது டாக்டர். மழலைத்தாய், நேற்று நான் சொன்ன "நஷ்டம் ஒன்றுமில்லை" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். சிறுநீர் டெஸ்ட் கேட்க மறக்காதீர்கள்.


இரவுப்பணிசெவிலி | காலை 8.15

புரோகால்சிட்டோனின் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் வார்டில் இப்போது சிஆர்பியோடு அதையும் அனுப்புகிறோம். அது ஏறினால் பாக்டீரியா என்று நிச்சயமாகச் சொல்லலாம் என்கிறார்கள்.


லேப்காரர் | காலை 8.40

நான் சொல்கிறேன், தப்பிருந்தால் டாக்டர் திருத்தட்டும். புரோகால்சிட்டோனின் என்பது கால்சிட்டோனின் ஹார்மோனின் முந்தைய வடிவம். சாதாரணமாகத் தைராய்டில் மட்டும் உருவாகி, அங்கேயே ஹார்மோனாக மாறிவிடுவதால் ரத்தத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். கடுமையான பாக்டீரியா தொற்றில் கல்லீரல், நுரையீரல், கொழுப்பு என்று உடல் முழுக்க அதைச் செய்யத் தொடங்குகிறது. குழந்தைகளில் இதை முதலில் கவனித்த ஆய்வு 1993-ல் வந்தது. வைரஸ் தொற்றில் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா அந்த உற்பத்தியை அமுக்குகிறது. அதனால்தான் சிஆர்பியைவிட இது கொஞ்சம் நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது.

வேகமும் அதிகம். மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும், ஒரு நாளுக்குள் உச்சம். பொதுவாக 0.5 நானோகிராம்/மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால் நிம்மதி, 2-க்கு மேல் என்றால் தீவிரமாகப் பார்ப்பார்கள்.


குழந்தைநலமருத்துவர் | காலை 9.10

சரியாகச் சொன்னீர்கள். "நிச்சயமாக" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாம். பிறந்த முதல் இரண்டு நாள் எல்லாக் குழந்தைக்கும் புரோகால்சிட்டோனின் இயல்பாகவே ஏறி இறங்கும், அந்த வயதுக்கு 0.5 என்ற எல்லை பொருந்தாது. பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், மலேரியா இவற்றிலும் ஏறும். மறுபக்கம், ஓரிடத்தில் அடைபட்ட சீழ்க்கட்டியிலும் சாதாரணத் தொண்டைத் தொற்றிலும் ஏறாமலே இருக்கும்.

அது உண்மையாகவே முடிவை மாற்றும் இடம் மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசுக்கள். அந்த வயதில் 38 டிகிரி வந்தாலே பிள்ளை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், இதில் பேச்சே இல்லை. முன்பெல்லாம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீர் எடுத்து, படுக்கையில் சேர்த்து மருந்து ஏற்றுவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 8 முதல் 60 நாள் வயது வரை மூன்று படியாகப் பிரிக்கிறது. 21 நாள் வரை ரத்தம் என்ன சொன்னாலும் முழுப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. அதற்கு மேல் போகப் போக, சிறுநீர் சுத்தம், புரோகால்சிட்டோனின் 0.5-க்கு மேல் இல்லை, சிஆர்பி 20-க்கு மேல் இல்லை, நியூட்ரோபில் எண்ணிக்கையும் எல்லைக்குள் என்றால் முதுகு ஊசியைத் தவிர்க்க இடம் கொடுக்கிறது. ஒரு மாதக் குழந்தையைச் சுருட்டிப் பிடித்து அந்த ஊசி போடுவதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட பெற்றோருக்கு, இந்த இரண்டு மூன்று எண்களின் அருமை தெரியும். நல்ல இடத்தில் வைத்தால் ரத்தக் குறியீடுகள் பெரிய வரம்.


கணக்குவாத்தியார் | காலை 10.25

மருத்துவம் எனக்குத் தெரியாது, கணக்கு தெரியும். "இவ்வளவு நல்ல டெஸ்ட் என்றால் காய்ச்சல் வந்த எல்லாப் பிள்ளைக்கும் செய்துவிடலாமே" என்று தோன்றுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டெஸ்ட், பாக்டீரியா உள்ள 100 பேரில் 85 பேரைப் பிடிக்கிறது, இல்லாத 100 பேரில் 85 பேரை "இல்லை" என்று சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கிளினிக்கில் காய்ச்சலோடு வரும் 1000 பிள்ளைகளில் 20 பேருக்குத்தான் கடுமையான பாக்டீரியா தொற்று என்றும் வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அந்த 20-ல் 17 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 147 பேருக்கும் "இருக்கிறது" என்று தவறாகச் சொல்லும். ஆக 164 பேருக்குச் சிவப்பு, உண்மையில் நோய் உள்ளவர்கள் 17 பேர். பத்தில் ஒருவர்.

அதே டெஸ்ட்டைத் தீவிர நிலையில் பிள்ளைகள் வரும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே 1000-ல் 200 பேருக்கு நோய் என்றால் 170 பேரைப் பிடிக்கும், 120 பேருக்குத் தவறாகச் சொல்லும். இப்போது சிவப்பு வந்தவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஆறு பேருக்கு உண்மை. ஆனால் "இல்லை" என்று சொன்ன 710 பேருக்குள் 30 பேர் ஒளிந்திருப்பார்கள். கிளினிக்கில் அப்படி ஒளிந்தவர்கள் 836-ல் 3 பேர்தான்.

டெஸ்ட் மாறவில்லை, ரத்தம் மாறவில்லை, ஆள்தான் மாறினார்கள். அதனால் ரிப்போர்ட்டின் பொருள் ரிப்போர்ட்டுக்குள் மட்டும் இல்லை, யாருக்கு எடுத்தோம் என்பதிலும் இருக்கிறது.


குழந்தைநலமருத்துவர் | காலை 10.50

வாத்தியார் ஐயா, இதை என் மாணவர்களிடம் காட்ட அனுமதி வேண்டும். பெல்ஜியத்தில் குடும்ப மருத்துவர்களிடம் நடந்த ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வந்தது: பார்த்தாலே கவலை தரும் பிள்ளைகளுக்கு மட்டும் விரல் குத்தி சிஆர்பி பார்த்தால் போதும், அவர்களில் 5-க்குக் கீழ் இருப்பவர்களைத்தான் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். ஓடியாடும் பிள்ளைக்குப் பார்ப்பதால் பயன் இல்லை.


தூரத்துவாசகர் | மதியம் 1.15

புதிதாக வந்திருக்கும் டெஸ்ட்கள்? "பதினைந்து நிமிடத்தில் வைரஸா பாக்டீரியாவா என்று சொல்லும்" என்று படித்தேன். அது வந்துவிட்டால் இந்த விவாதமே வேண்டாமே.


லேப்காரர் | மதியம் 2.05

நீங்கள் சொல்வது மீமெட் பிவி என்பதாக இருக்கும். இஸ்ரேலில் உருவானது, 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிஆர்பியோடு ட்ரெய்ல், ஐபி-10 என்று இன்னும் இரண்டு புரதங்களைச் சேர்த்து அளந்து, 0 முதல் 100 வரை ஒரே மதிப்பெண்ணாகத் தரும். இதில் எனக்குப் பிடித்தது ட்ரெய்ல். சிஆர்பியும் புரோகால்சிட்டோனினும் பாக்டீரியாவுக்கு ஏறுபவை, அவற்றில் வைரஸ் என்பது வெறும் "அதிகம் ஏறவில்லை" என்பதுதான். ட்ரெய்ல் வைரஸுக்கு ஏறும், பாக்டீரியாவுக்கு இறங்கும். வைரஸ் தானே கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஆனாலும் 35 முதல் 65 வரை மதிப்பெண் வந்தால் "சொல்ல முடியாது" என்றுதான் பொருள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இதைப் பயன்படுத்துவதில்லை.

எம்எக்ஸ்ஏ என்று இன்னொரு புரதமும் வைரஸுக்கு ஏறும். அதையும் சிஆர்பியையும் ஒரே பட்டையில் பார்க்கும் விரல்குத்து டெஸ்ட் ஃபெப்ரிடிஎக்ஸ். அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது, ஆனால் 12 வயது முதல் 64 வயது வரைதான். நமக்கு அதிகம் தேவைப்படும் சின்னப் பிள்ளைகள் அதில் இல்லை.


குழந்தைநலமருத்துவர் | மாலை 4.30

புரதங்களுக்கு ஒரு படி முன்னால் போய், வெள்ளை அணுவுக்குள் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று பார்க்கும் வழியும் இருக்கிறது. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐஎஃப்ஐ44எல், எஃப்ஏஎம்89ஏ என்ற இரண்டே மரபணுக்களின் ஆர்என்ஏ அளவை வைத்துக் காய்ச்சல் பிள்ளைகளை நன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது வைரஸில் ஏறும், இரண்டாவது பாக்டீரியாவில்.

எல்லா ஆய்வுக்கும் அடியில் ஒரு சிக்கல் உண்டு. டெஸ்ட் சரியா என்று எதை வைத்து அளப்பது? கல்ச்சரில் வளர்ந்தால் பாக்டீரியா, சரி. வளராத நிமோனியாவை எந்தப் பக்கம் போடுவது? மூக்கில் வைரஸ் கிடைத்தால் வைரஸ் நோயா? நோயில்லாத பிள்ளையின் மூக்கிலும் வைரஸ் வாரக்கணக்கில் தங்கும். இன்ஃப்ளூயன்சாவின் மேல் நிமோகாக்கஸ் ஏறி உட்காருவதும் உண்டு, அங்கே இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. காய்ச்சல் இறங்கி இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

பயன் தரும் விதத்தையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் குறை சொல்கிறேன் என்று ஆகிவிடும். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் 2 மாதம் முதல் 5 வயது வரையுள்ள காய்ச்சல் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடந்தது, 2017-ல் வெளியானது. மூச்சு வேகம், பிள்ளையின் நிலை, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் டேப்லெட்டில் படிப்படியாகப் பதிந்து, தேவையான இடத்தில் மட்டும் சிஆர்பியும் புரோகால்சிட்டோனினும் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் முதல் நாளே 95 சதவீதப் பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்த இடத்தில் அது சுமார் 11 சதவீதமாக இறங்கியது. பிள்ளைகள் குணமாவது கெடவில்லை. சிஆர்பியும் புரோகால்சிட்டோனினும் பார்க்காமல் வேறொரு படிமுறையை மட்டும் பின்பற்றிய குழுவில்கூட சுமார் 30 சதவீதம்தான். அதாவது பெரும் பகுதி லாபம் ஒழுங்காகப் பார்ப்பதிலிருந்தே வந்தது, மீதியை டெஸ்ட் சேர்த்துக் கொடுத்தது.


மழலைத்தாய் | இரவு 8.40

நேரில் காட்டிவிட்டு வந்தேன். காது, நெஞ்சு சுத்தம். டான்சிலில் வெள்ளைப் படலம் இருக்கிறது. சிறுநீர் கேட்டேன், "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். பிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க வைத்து, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். சுத்தமாக வந்தது. தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. மூக்கிலிருந்து எடுத்ததில் அடினோவைரஸ் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம், திங்கள் காலை கட்டாயம் வர வேண்டும், நடுவில் துவண்டால் உடனே வர வேண்டும் என்றார். இன்னொன்று சொன்னார், அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் வேறு ஒன்றை யோசிக்க வேண்டும் என்று பேப்பரில் "கவாசாகி" என்று எழுதிக் கொடுத்தார்.


குழந்தைநலமருத்துவர் | இரவு 9.20

நல்ல மருத்துவர் கிடைத்திருக்கிறார், அம்மா. ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967-ல் விவரித்த நோய் அது. அதிலும் சிஆர்பி எகிறும், ஆனால் ஆன்டிபயாடிக் கேட்காது. சரியான நேரத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தை ஏற்றாவிட்டால் இதயத்தின் ரத்தக் குழாய் பாதிக்கப்படலாம். "வைரஸா பாக்டீரியாவா" என்ற கேள்விக்குள் அடங்காத மூன்றாவது கதவு அது.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை: உதடு வெடித்துச் சிவப்பது, நாக்கு செக்கச்செவேலென்று புள்ளி புள்ளியாகத் தெரிவது, கை கால் வீங்கிச் சிவப்பது, உடம்பில் தடிப்பு, கழுத்தில் ஒரு பக்கம் பெரிய நெறிகட்டி. கவாசாகியில் கண் சிவக்கும், ஆனால் பொதுவாகப் பீளை கட்டாது. உங்கள் மகளுக்குக் காலையில் இமை ஒட்டிக்கொள்வது கொஞ்சம் ஆறுதலான செய்திதான். அதை மட்டும் நம்பித் திங்களைத் தவறவிடாதீர்கள்.


மழலைத்தாய் | நான்காம் நாள், மதியம் 12.10

இன்று காலை போனோம். உதடு, கை, கால் எல்லாம் சாதாரணம். நேற்று காய்ச்சல் 38.3-க்கு மேல் போகவில்லை, இன்று விடியற்காலை 37.6. சிஆர்பி மறுபடி பார்த்தார்கள்: 36.


குழந்தைநலமருத்துவர் | மதியம் 1.00

உற்பத்தி நின்றுவிட்டால் சிஆர்பி சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகும். எந்த மருந்தும் இல்லாமல் இறங்குகிறது, பிள்ளையும் கூடவே தேறுகிறாள். இரண்டும் ஒரே திசையில் போவதுதான் எனக்கு முதல் 74-ஐவிடப் பெரிய தகவல்.


மழலைத்தாய் | ஐந்தாம் நாள், காலை 7.05

இரவு முழுக்கக் காய்ச்சல் இல்லை. இப்போதுதான் எழுந்தாள், கண் ஒட்டவில்லை. பசிக்கிறது என்று என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள். அப்புறம் வந்து எல்லோருக்கும் நன்றி சொல்கிறேன்.


இருபிள்ளைஅப்பா | காலை 7.20

மனசு நிறைந்தது. நன்றி எல்லாம் வேண்டாம், முதலில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள்.


லேப்காரர் | மாலை 6.30

நேற்று எங்கள் லேபில் பேசிவிட்டோம். ரத்தம் எடுக்கும் படிவத்தில் பெயர், வயதுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: "காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம்." அது ரிப்போர்ட்டில் சிஆர்பி எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாகும். இன்று காலை முதல் கட்டத்தை நிரப்பியவர் ஒரு பாட்டி. நேரம் சரியாகத் தெரியாமல் "விளக்கு ஏற்றும்போது" என்று சொன்னார், மாலை 6.30 என்று எழுதிக்கொண்டோம்.